உப்பும் இல்லறமும்

தோற்றுவாய்

பிரம்மதேசத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் நிலம் மெல்ல மெல்ல நிறம் மாறுவதைக் காண்பர். நெல் விளையும் வயல்கள் பின்தங்கும். காற்றில் ஈரமும் உவர்ப்பும் ஏறும். மரக்காணத்தை நெருங்குகையில் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை உப்புப் பாத்திகளே வெண்மையாய் விரிந்து கிடக்கும். மருதம் முடிந்து நெய்தல் தொடங்கும் இடம் இது. நம் முன்னோர் மருதத்துக்கு ஊடலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுத்தனர். ஊடல் தன் அளவைக் கடந்தால் இரங்கலில் போய் முடியும் என்பதை இச்சிறு பயணமே நமக்கு நினைவூட்டுகிறது.

இந்நிலத்தின் பழமை சிறிதன்று. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர்தம் கருத்து. உப்பு விற்ற உமணர், மனைவி மக்களோடு வண்டி வண்டியாய் ஊர்விட்டு ஊர் சென்ற காட்சிகளைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. உப்பும் குடும்பமும் ஒரே வண்டியில் சென்ற நிலம் இது எனலாம்.

உப்பையும் இல்லறத்தையும் ஒருங்கே வைத்து எண்ணியவர் திருவள்ளுவர். 'புலவி' என்னும் 131ஆம் அதிகாரத்தில், கணவன் மனைவியரிடையே தோன்றும் பிணக்கை அவர் உணவில் இடும் உப்புக்கு ஒப்பிடுகின்றார். அளவோடு அமைந்தால் சுவை. சற்றே மிகுந்தாலும் கேடு என்பது அவர் கருத்து. பிணக்கே கூடாது என்று அவர் கூறவில்லை. அளவைத்தான் வற்புறுத்துகின்றார். இருபதாம் நூற்றாண்டின் உளவியலார் ஆய்வுக்கூடம் அமைத்து, கருவிகள் பொருத்தி, ஆயிரக்கணக்கான இணையரை ஆராய்ந்து கண்ட முடிவுகளுள் தலையாயதும் இந்த அளவு பற்றியதேயாகும். அவ்வாய்வுகள் கூறுவன யாவை, அவற்றால் நம் மாணவரும் பெரியோரும் கொள்ளத்தக்கன யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாம் அறியாதிருந்த ஒரு பெயர்

இப்பொருளை எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் தம் தந்தையாரோடு நம் இல்லம் வந்தார். மணமாகி நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. என்ன குறை என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அவர் அடிக்கல சார், குடிக்கல. நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார். நாலு பேர் இருக்கும்போது சிரிப்பார்" என்றார்.

நாம் கூறிய விடை, ஆண்டாண்டுகளாய் எல்லாப் பெரியோரும் கூறிவரும் விடைதான்: "பொறுத்துப் போம்மா, போகப் போகச் சரியாகிவிடும்." இரு குடும்பத்துப் பெரியோரும் மும்முறை அமர்ந்து பேசினர். பெருங்குற்றம் ஏதேனும் உண்டா என்று தேடினர், ஒன்றும் அகப்படவில்லை. குற்றமில்லாத இடத்தில் குறையும் இராது என்று முடிவு செய்து, பெண்ணைக் கணவர் இல்லத்துக்கு அனுப்பி வைத்தனர். இரண்டு ஆண்டுகளில் அம்மணம் முறிந்தது. அந்தச் சிரிப்புக்கு ஆய்வுலகில் ஒரு பெயர் உண்டு என்பதை அன்று நாம் அறியோம். அறிந்திருந்தால் வேறு விதமாய்ப் பேசியிருப்போம்.

ஆய்வு வளர்ந்த வரலாறு

மணவாழ்வின் மகிழ்ச்சியை அளந்தறியும் முயற்சி புதிதன்று. அமெரிக்க உளவியலார் லூயிஸ் டெர்மன் 792 தம்பதியரிடம் வினாக்கள் விடுத்துத் திரட்டிய செய்திகளை 1938ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கணவனின் இயல்பு யாது, மனைவியின் இயல்பு யாது என்று தனித்தனியே ஆராயும் போக்கு அக்காலத்தில் மேலோங்கி நின்றது. நல்லவர் இருவர் கூடினால் நல்ல இல்லறம் அமையும் என்பது பொதுவான எண்ணம்.

இப்போக்கு 1970களிலும் 1980களிலும் மாறிற்று. ஜான் காட்மன், இராபர்ட் லெவன்சன் முதலியோர், இருவரும் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர் என்பதை நேரில் நோக்கத் தலைப்பட்டனர். கருத்து வேறுபாடுள்ள ஒரு பொருளைப் பற்றித் தம்பதியரைப் பேசவிட்டு, அதனைப் படமாக்கினர். இதயத் துடிப்பு, வியர்வை ஆகியவற்றையும் கருவிகளால் அளந்தனர். சில ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களைத் தேடிச் சென்று, யார் இணைந்திருக்கின்றனர், யார் பிரிந்தனர் என்று கண்டறிந்தனர். சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு போன்றே அமைந்த ஆய்வுக்கூடம் ஒன்றும் உருவாயிற்று. புதுமணத் தம்பதியர் 130 இணையரைத் தொடர்ந்து கண்காணித்த காட்மன் குழுவினரின் ஆய்வு 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நான்கு கேடுகள்

இவ்வாய்வுகளிலிருந்து காட்மன் நான்கு கேடுகளைப் பிரித்துக் காட்டினார். முதலாவது குறைகூறல். செயலைச் சுட்டுவது வேறு. ஆளைப் பழிப்பது வேறு. "ஏங்க, வர நேரமாகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேனே" என்பது முறையீடு. "உங்களுக்கு என்னைக்குத்தான் வீட்டு நெனப்பு இருந்துச்சு?" என்பது குறைகூறல். முன்னது ஒரு மாலைப் பொழுதைப் பற்றியது. பின்னது அம்மனிதரின் வாழ்நாள் முழுமையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது.

இரண்டாவது இகழ்ச்சி. ஏளனச் சிரிப்பு, உதட்டைச் சுழித்தல், பிறர் முன்னிலையில் எள்ளி நகையாடல், பிறந்த வீட்டைத் தாழ்த்திப் பேசுதல் யாவும் இதன்பாற்படும். தன்னை உயர்வாகவும் துணையைத் தாழ்வாகவும் கருதும் உள்ளத்தின் வெளிப்பாடு இது. நான்கனுள் மிகக் கொடியது இதுவே என்றும், பிரிவுக்கு இதனினும் தெளிவான முன்னறிகுறி இல்லை என்றும் காட்மன் கூறுவர். நம் மாணவி கூறிய சிரிப்பின் பெயர் இதுதான். அடியில்லை, குடியில்லை, ஆயினும் அது சிறு குறையன்று.

மூன்றாவது, எதைச் சொன்னாலும் தன்மேல் பிழையில்லை என்று எதிர்வாதம் புரியும் தற்காப்பு. நான்காவது, ஒன்றும் பேசாது சுவர்போல் நின்றுவிடுதல். இந்நான்காவதை நாம் பெரும்பாலும் பொறுமை என்று தவறாகக் கொள்கின்றோம். வாய்மூடியிருப்பவரின் இதயம் அமைதியாய் இருப்பதில்லை. அது மிக விரைந்து துடித்துக்கொண்டிருப்பதைக் கருவிகள் காட்டின. அத்தகைய நிலையில் எந்த அறிவுரையும் செவியில் ஏறாது. ஆகவே, குறைந்தது இருபது நிமிடமேனும் பேச்சை நிறுத்தி, உடல் தணிந்தபின்னர் மீண்டும் தொடங்குவதே தக்கது என்பது இவர்கள் காட்டும் வழி. பேச்சை நிறுத்துகையில் "பிறகு பேசுவோம்" என்று சொல்லிச் செல்லுதல் வேண்டும். சொல்லாமற் செல்வதே சுவராதல்.

ஐந்துக்கு ஒன்று

பிணக்கின்போது நல்லன ஐந்து இருந்தால் தீயது ஒன்று இருக்கலாம் என்பது காட்மன், லெவன்சன் ஆய்வுகளிலிருந்து கிடைத்த புகழ்பெற்ற அளவாகும். உறுதியான தம்பதியரும் சினந்து பேசினர்; ஆனால் அதனிடையே ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு, ஒரு வேடிக்கைச் சொல், "நீ சொல்வதும் சரிதான்" என்னும் ஒப்புதல் ஆகியன மிகுந்திருந்தன. பின்னர்ப் பிரிந்தோரிடம் நல்லனவும் தீயனவும் ஏறத்தாழச் சமமாயிருந்தன. சமம் என்பது நமக்குப் போதுமானதாய்த் தோன்றும். இல்லறத்தில் அது போதாது. சுடுசொல் ஒன்றின் எடை இன்சொல் ஒன்றால் ஈடாவதில்லை. வள்ளுவரின் உப்பு உவமைக்கு எண்ணால் எழுதிய உரை இஃது எனலாம்.

இன்னொரு முடிவும் கருதத்தக்கது. தம்பதியரிடையே எழும் வேறுபாடுகளுள் 69 விழுக்காடு என்றும் தீராதவை என்கிறார் காட்மன். ஒருவர் சிக்கனமும் மற்றவர் தாராளமும் உடையவராதல், ஒருவர் உறவினர் கூட்டத்தையும் மற்றவர் தனிமையையும் விரும்புதல் போன்றவை இவை. மகிழ்வுடன் வாழ்வோர்க்கும் இவை உண்டு. அவர்கள் இவற்றைத் தீர்த்துவிடவில்லை; இவற்றோடு நகைத்தும் விட்டுக்கொடுத்தும் வாழக் கற்றுக்கொண்டனர்.

இவ்வாய்வுகளின்மேல் எழுந்த மறுப்புரையையும் கூறுதல் நேர்மையாகும். பிரிவை மிகத் துல்லியமாக முன்கூட்டியே உரைக்கலாம் என்ற கூற்று மிகையானது. ஒரு குழுவினரிடம் பெற்ற வாய்பாட்டைப் புதியதொரு குழுவினரிடம் சோதித்த பின்னரே நம்புதல் வேண்டும் என்று ஹேமன், ஸ்லெப் என்னும் ஆய்வாளர் 2001ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். எனவே எண்களைச் சோதிட வாக்காகக் கொள்ளாது, திசைகாட்டியாகக் கொள்வதே அறிவுடைமை.

அழைப்பும் மறுமொழியும்

பிணக்கு இல்லாத பொழுதுகளே இல்லறத்தில் மிகுதி. அப்பொழுதுகளில் நிகழ்வதென்ன என்பதையும் ஆய்வாளர் நோக்கினர். "இங்கே வந்து பாருங்களேன், வானம் எப்படிச் செவந்திருக்கு" என்று ஒருவர் கூறுவது வானத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. "என்னோடு சற்று இரு" என்னும் அழைப்புமாகும். மற்றவர் திரும்பி நோக்கலாம், நோக்காது விடலாம், எரிந்தும் விழலாம். புதுமணத் தம்பதியரை ஆறு ஆண்டுகள் கழித்துக் கண்டபோது, இணைந்திருந்தோர் முன்பு இத்தகைய அழைப்புகளுள் 86 விழுக்காட்டுக்குச் செவிசாய்த்திருந்தனர் என்றும், பிரிந்தோர் 33 விழுக்காட்டுக்கே செவிசாய்த்திருந்தனர் என்றும் காட்மன் தம் நூல்களில் குறிப்பிடுகின்றார்.

ஷெல்லி கேபிள் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நற்செய்தி கூறும்போது துணைவர் அளிக்கும் மறுமொழியை நான்கு வகையாகப் பகுத்தது. தையல் வேலை செய்யும் மனைவி, "பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை கெடைச்சிருக்கு" என்கின்றாள் என்க. "அப்படியா! யார் கொடுத்தாங்க? எத்தனை உருப்படி?" என்று மகிழ்ந்து கேட்பது ஒரு வகை. "நல்லது" என்று கூறிச் செய்தித்தாளுக்குத் திரும்புவது மற்றொன்று. "இருக்கிற வீட்டு வேலையை யார் பார்க்கிறது?" என்று குறை காண்பது மூன்றாவது. "சோறு ஆச்சா?" என்று வேறு பொருளுக்குத் தாவுவது நான்காவது. முதல் வகை மட்டுமே உறவை வளர்ப்பதாக அறியப்பட்டது. துன்பத்தில் துணை நிற்றலின் சிறப்பை எல்லாரும் அறிவோம். இன்பத்தில் உடன் மகிழ்தலும் அதனினும் தாழ்ந்ததன்று.

துன்பத்தில் துணை நிற்றலுக்கு நம் சமுதாயம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. ஹிரா குகையில் முதல் இறைச்செய்தி பெற்று நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய நபிகள் நாயகத்தை, அன்னை கதீஜா அவர்கள் ஐயுறவில்லை, எதிர்வாதம் புரியவுமில்லை. முதலில் போர்வை போர்த்தி நடுக்கம் தணியச் செய்தார். பின்னர் அவர்தம் நற்பண்புகளை எடுத்துக்கூறித் தேற்றினார். அதன் பின்னரே அறிஞரான வரக்காவிடம் அழைத்துச் சென்றார். முதலில் உடல் தணிதல், பின்னர் உள்ளம் தேறுதல், அதன்பின் அறிவுரை நாடல் என்னும் வரிசையை இன்றைய உளவியலாரும் ஏற்பர்.

உடலும் அறியும்

மணப்பிணக்கு மனத்தோடு நின்றுவிடுவதன்று. கீகோல்ட்-கிளேசர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 42 தம்பதியரின் கையில் மிகச் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறும் விரைவை அளந்தனர். பகைமை மிகப் பேசிய தம்பதியர்க்குப் புண் ஆறும் வேகம், பகைமை குறைந்த தம்பதியர்க்கு ஆறிய வேகத்தில் 60 விழுக்காடே இருந்தது. இம்முடிவு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. உப்பளத்தில் வெடித்த காலோடு நிற்பவர்க்கு, உவர்நீர் பட்ட புண் எவ்வாறு எரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுடுசொல்லும் புண்ணை ஆறவிடாது என்பது இப்போது அளந்தறிந்த உண்மையாயிற்று.

நம் நாட்டு ஆய்வு

இவை யாவும் மேலைநாட்டுச் செய்திகள்; நமக்குப் பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் நாட்டிலும் ஆய்வு நடந்துள்ளது. உஷா குப்தா, புஷ்பா சிங் ஆகிய இருவரும் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரை ஆராய்ந்து 1982ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காதலித்து மணந்தோரிடம் தொடக்கத்தில் மிகுந்திருந்த அன்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தது என்றும், பெற்றோர் பார்த்து முடித்த மணத்தில் தொடக்கத்தில் குறைந்திருந்த அன்பு பின்னர் வளர்ந்தது என்றும் அவ்வாய்வு கூறிற்று.

இதனைக் கேட்ட பெரியோர் மகிழ்தல் இயல்பு. ஆயினும் அவசரப்படுதல் ஆகாது. ஐம்பது தம்பதியர் என்பது சிறு எண். மேலும், அவர்கள் ஒரே காலத்தில் ஆராயப்பட்ட வெவ்வேறு தம்பதியரேயன்றி, ஆண்டுக்காண்டு தொடர்ந்து நோக்கப்பட்டவர் அல்லர். பின்னர், 2005ஆம் ஆண்டில் மையர்ஸ், மதாத்தில், டிங்கிள் ஆகியோர் இந்தியாவில் பெற்றோர் ஏற்பாட்டில் மணந்தோரையும் அமெரிக்காவில் தாமே தேர்ந்து மணந்தோரையும் ஒப்பிட்டபோது, மணநிறைவில் வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்காவாழ் இந்தியரை ஆராய்ந்த ரீகன் முதலியோரும் 2012ஆம் ஆண்டில் இரு வகை மணத்தாரிடையேயும் வேறுபாடு இல்லை என்றே கண்டனர்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? மணம் எவ்வழியில் அமைந்தது என்பதைவிட, அமைந்தபின் அது எவ்வாறு பேணப்படுகிறது என்பதே பெரிது. பெண் பார்ப்பதிலும் மாப்பிள்ளை பார்ப்பதிலும் நாம் செலுத்தும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் மணத்துக்குப் பிந்திய முதல் மூன்று ஆண்டுகளில் செலுத்துகின்றோமா என்று பெரியோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுப்பெரியாத வீட்டில்

இன்சொல் பேசுக என்று கூறுதல் எளிது. ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்திகள் கரைந்துபோனால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை இல்லை. வேலை இல்லாத வீட்டில் இன்சொல் எங்கிருந்து வரும்?

இவ்வினாவை ஆராய்ந்தவர் ராண்ட் காங்கர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980களில் உழவுத்தொழில் நலிவுற்றது. அங்கு 1989ஆம் ஆண்டில் 451 குடும்பங்களைக் கொண்டு அவர் குழுவினர் தொடங்கிய ஆய்வு, பணமுடை நேரே மணத்தை முறிப்பதில்லை என்று காட்டிற்று. முடை மனச்சோர்வைத் தருகிறது, சோர்வு எரிச்சலாகிறது, எரிச்சல் அருகிலிருப்பவர்மேல் பாய்கிறது, அதன் பின்னரே உறவு நலிகிறது. ஒருவரையொருவர் தாங்கிப் பேசிய குடும்பங்களில் இச்சங்கிலி பாதியிலேயே அறுந்தது. "முடைதான் நமக்குப் பகை, நாம் ஒருவருக்கொருவர் பகையல்லோம்" என்று இருவரும் உணர்தலே இங்கு மருந்து.

ஆனால் பேச்சுப் பயிற்சி மட்டுமே போதும் என்று கருதிவிடலாகாது. அமெரிக்க அரசு குறைந்த வருவாயுடைய இளம் பெற்றோர்க்கு உறவுப் பயிற்சி அளிக்கும் திட்டமொன்றை 8 இடங்களில், 5,000க்கும் மேற்பட்ட இணையரிடம் சோதித்தது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்தம் உறவின் தரத்தில் ஒட்டுமொத்தமாகப் பயன் ஏதும் காணப்படவில்லை. வேலையும் ஓய்வும் இல்லாதவர்க்கு அறிவுரை மட்டும் உதவாது என்பது இதனால் விளங்கும். மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. அது வயிற்றுக்கு உதவுவதோடு இல்லறத்துக்கும் உதவும் என்று கருத இடமுண்டு.

வாயில்கள்

தொல்காப்பியக் கற்பியல், கணவன் மனைவியரிடையே ஊடல் தீர்க்கும் வாயில்கள் பன்னிருவரைக் கூறுகிறது. தோழியும் தாயும் பாணரும் விருந்தினரும் அறிவரும் அதில் உளர். பட்டியலின் இறுதியில் நிற்போர் 'கண்டோர்'. உறவும் இல்லாது, பயனும் கருதாது, கண்ணால் கண்டு நல்லது உரைப்போர் இவர்.

இதனை ஒத்த ஆய்வு ஒன்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈலை ஃபின்கெல் என்பார் 120 தம்பதியரை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். இரண்டாம் ஆண்டில் அவருள் பாதிப்பேர், தம்மிடையே எழுந்த பிணக்கை, இருவர் நலனையும் விரும்பும் மூன்றாமவர் ஒருவர் கண்டால் எவ்வாறு காண்பார் என்று எண்ணி ஏழு நிமிடம் எழுதினர். ஆண்டுக்கு மூன்று முறை, மொத்தம் 21 நிமிடம். அவ்வாறு எழுதியோரின் மணநிறைவு சரியாது நின்றது; எழுதாதோரின் நிறைவு தொடர்ந்து குறைந்தது. வெளியே தேடிய 'கண்டோரை' உள்ளத்திலேயே அமர்த்திக்கொள்ளும் முறை இது.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், பிளவு நேருமென அஞ்சினால் கணவர் தரப்பில் ஒருவரையும் மனைவி தரப்பில் ஒருவரையும் நடுவராக்கிப் பேசுமாறு பணிக்கிறது. இரு தரப்பும் சமமாய் அமர வேண்டும் என்பதும், பிளவு நேர்ந்த பின்னரன்றி அஞ்சும்போதே அமர வேண்டும் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன. குடும்ப நீதிமன்றச் சட்டம் (1984) நீதிபதி முதலில் இணக்கத்துக்கு முயல வேண்டும் என்று விதிப்பதும் இந்நோக்கம் பற்றியதே.

ஓர் எல்லையை மட்டும் ஐயமின்றிக் கூறுதல் வேண்டும். அடியும் அச்சுறுத்தலும் ஊடலல்ல. அங்கே அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பொறுத்துப் போ என்று கூறுவோர் கொடுமைக்குத் துணைபோகின்றனர். அத்தகைய பெண்டிர்க்குக் காவலாகவே 2005ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. 181 என்னும் எண்ணில் மகளிர் உதவி கிடைக்கும். முதலில் பாதுகாப்பு, பின்னரே ஏனைய யாவும்.

நிறைவுரை

தொழிற்சொற்கள் திரட்டுவதற்காக நம் துறை மாணவரோடு ஒருமுறை மரக்காணத்து அளங்களுக்குச் சென்றிருந்தோம். பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த முதியவரும், அதனைக் கூடையில் சுமந்து கரையேற்றிய அவர் மனைவியும் எங்களுக்குச் சொற்கள் பல கூறினர். நீர் எப்போது உப்பாகும் என்று கேட்டோம். பாத்தி பாத்தியாய் மாற்றி வெயிலில் முற்றவிட வேண்டும் என்றார் முதியவர். அறிவியலார் கணக்கில் அது போமே அளவியில் ஏறத்தாழ 25 பாகை. அதற்குமேல் விட்டால்? விடையளித்தவர் அம்மூதாட்டி. "மிஞ்சுன தண்ணிய அப்பப்ப வடிச்சுடணும் தம்பி. ஆசைப்பட்டு வச்சிருந்தா எல்லா உப்பும் கசந்துடும்."

உப்பு படிந்தபின் எஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறும் என்பது வேதியியல். அவர் வேதியியல் படித்தவரல்லர்; நாற்பது ஆண்டுகள் ஒரே பாத்தியில் ஒருவரோடு உழைத்தவர். அவர் கூறியது உப்பைப் பற்றித்தான். ஆயினும் நாம் வேறொன்றையும் எண்ணிக்கொண்டு திரும்பினோம்.

இன்று அம்மாணவி நம்மிடம் வந்தால் பொறுத்துப் போ என்று கூறமாட்டோம். கணவரை அழைத்து, அவருடைய சிரிப்பைப் பற்றி முதல் நாளே பேசுவோம். பெருங்குற்றத்தைத் தேடிக்கொண்டிராமல், வடிக்காமல் விட்ட கசப்பு எங்கே தேங்கியிருக்கிறது என்று இரு தரப்பாரையும் அமர்த்திக் கேட்போம். மணமேடையில் வாழ்த்துரைக்கும் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே: வாழ்த்தோடு நின்றுவிடாது, அடுத்த ஆறு திங்களில் ஒருமுறையேனும் அவ்வீட்டுக்குச் செல்லுங்கள், இருவரையும் நலம் கேளுங்கள், மணமகளுக்குக் கூறும் அறிவுரையை மணமகனுக்கும் கூறுங்கள். மாணவச் செல்வங்களுக்குக் கூறுவதும் ஒன்றே: பெரிய அன்பைப் பெருநாளில் காட்டலாம் என்று காத்திராதீர்கள். ஒருவர் அழைக்கும்போது திரும்பிப் பாருங்கள். இல்லறத்தின் உப்பு அந்தச் சிறு திரும்பலில்தான் படிகிறது.